ஆறு கால் உள்ள பூச்சி நடக்கும்போது எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கும்?

இப்படிக் கேட்பவர் அனிமேஷன் செய்பவராக இருப்பார், இல்லை பிள்ளையின் பள்ளி புராஜெக்டில் மாட்டிக்கொண்டவராக இருப்பார். நான் முதல் ரகம்.

ஒரு காலை அல்ல, மூன்று கால்களைச் சேர்த்தே எடுக்கும். இடப்பக்க முன்கால், பின்கால், வலப்பக்க நடுக்கால் ஒரு கூட்டணி. மீதி மூன்றும் இன்னொன்று. ஒரு கூட்டணி தூக்கும்போது மற்றது முக்காலியாக ஊன்றி நிற்கும். மெதுவாக நடந்தால் பின்காலில் தொடங்கி முன்னே வரும் வரிசையும் உண்டு, கும்பிடுபூச்சி பெரும்பாலும் நாலு காலில்தான் நடக்கும். தெரியும், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

குழந்தைகளுக்கான ஒரு காணொளிக்குக் கரப்பான்பூச்சி ஓட வேண்டியிருந்தது. கண்ணாடித் தட்டில் ஒன்றை ஓடவிட்டு, அடியிலிருந்து ஸ்லோமோஷனில் எடுத்தேன். ஆறு காலும் மார்புப் பகுதியில்தான் முளைத்திருக்கும், வயிற்றில் ஒன்றுகூட இல்லை. காலின் முதல் கணு தட்டையாக, அகலமாக உடம்போடு ஒட்டிக் கிடக்கும். அடுத்து தொடை, முள் முள்ளாக ஒரு கெண்டை, நுனியில் இரண்டு கொக்கி. உள்ளே எலும்பு இல்லை, வெளி ஓடுதான் எலும்பு. தசைகள் குழாய்க்குள் இருந்தபடி ஓட்டின் உட்சுவரைப் பிடித்து இழுக்கின்றன. மெல்லிய சவ்வு இருக்கும் மூட்டில் மட்டும் கால் மடங்கும், நடுவில் வளையவே வளையாது.

அப்படியே வரைந்து கொடுத்தேன். காணொளிக்காரர் பார்த்துவிட்டு, "வயிறு காலியா இருக்கே, ஒரு ஜோடியை அங்கே தள்ளிடுங்க. காலும் கொஞ்சம் ரப்பர் மாதிரி வளையட்டும்" என்றார். விளக்கினேன். "குழந்தைங்களுக்கு என்ன சார் தெரியப்போகுது?" பூச்சியைக் கண்டால் முதலில் காலை எண்ணுவதே குழந்தைகள்தான்! கார்ட்டூனில் எல்லாம் செல்லும் என்பீர்கள். அறிவியல் காணொளி என்று தலைப்பு வைத்துவிட்டுச் செல்லாது.

அதைவிட எரிச்சல், "சின்ன கரெக்‌ஷன்தான்" என்ற சொல். சின்னது என்றால் இலவசம் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? மீதிப் பணம் இன்னும் வரவில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். ஒரு கூட்டணியை மட்டும் அனிமேட் செய்யுங்கள், அரைச் சுற்று தள்ளி மற்றதற்கு ஒட்டுங்கள். கரப்பான் ஓடும்போது பின்கால் உந்தும், முன்கால் பிரேக் பிடிக்கும், நடுக்கால் இரண்டையும் செய்யும். மூன்றுக்கும் ஒரே அசைவைக் கொடுத்தால் பொம்மை மாதிரித்தான் ஓடும்.