பழைய கட்டடங்களுக்கு ஏன் சிமெண்ட் பூசக் கூடாது?

சென்னையின் பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைக்கும் செய்திகளில் 'சுண்ணாம்புச் சாந்து' என்ற சொல் அடிக்கடி வரும். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்த கலவைதான் அது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. சரி, சிமெண்ட் ஏன் கூடாது? பழைய செங்கல் சுவர் மழை ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமெண்ட் அடைத்துவிடும், உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் செங்கல்லையே பொடியாக்கிவிடும். சித்திரை வெயிலில் பருத்திச் சட்டைக்குப் பதிலாக மழைக்கோட்டு போட்டு நடப்பது போலத்தான். என்னைக் கேட்டால், சீரமைப்புச் செய்தியில் செலவுத் தொகைக்கு முன்னால் என்ன கலவை பூசினார்கள் என்றுதான் எழுத வேண்டும்.

சுண்ணாம்பு வலுவில்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1913-இல் திறக்கப்பட்ட, சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் செங்கற்களைப் பிடித்து நிற்பது சுண்ணாம்புச் சாந்துதான்.