விமான இறக்கை பிளந்து நிற்கிறதே, கோளாறா?

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏர்பஸ் ஏ320 விமானத்தில் போனேன். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னல் இருக்கை. புறப்படும் முன் காலுக்கடியில் நாய் குரைப்பதுபோல் சத்தம். இறங்கும்போது இறக்கையின் பின்பகுதி விலகிக் கீழே தொங்கியது, நடுவில் இடைவெளி. தரையைத் தொட்டதும் மேலே பலகைகள் எழும்பி, உள்ளிருக்கும் குழாய்கள்கூடத் தெரிந்தன. எந்தப் பாகம் என்ன செய்கிறது?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. வேகமாகப் பறக்க ஒரு வடிவம், மெதுவாக இறங்க இன்னொரு வடிவம் என்று இறக்கை தன்னை மாற்றிக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

சுமார் 11 கி.மீ. உயரத்தில் ஏ320 மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். இறங்கும்போது ஏறக்குறைய 250 கி.மீ.தான். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்றில் ஒன்றானால் விசை ஒன்பதில் ஒன்றாகிவிடும். தரைக்கு அருகே காற்றின் அடர்த்தி மூன்று மடங்குக்கு மேல் என்பதால் கொஞ்சம் ஈடாகும். அப்படியும் அதே வடிவம், அதே சாய்வு என்றால் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இறக்கை தாங்கும். மூக்கை உயர்த்தி மீதியைச் சமாளிக்கலாம். ஆனால் ஓர் அளவுக்கு மேல் உயர்த்தினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை சட்டென்று விழுந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள்.

அங்கேதான் ஃபிளாப் வருகிறது. பின்விளிம்பிலிருந்து பின்னோக்கி நகர்ந்து, கீழ்நோக்கி வளையும். இறக்கையின் பரப்பும் வளைவும் கூடும். முன்விளிம்பில் இதே வேலையைச் செய்வது ஸ்லாட். விமானியின் நெம்புகோலில் 0, 1, 2, 3, ஃபுல் என ஐந்து நிலைகள். ஃபுல் வைத்தால் ஸ்லாட் 27 பாகை, ஃபிளாப் விமான வகையைப் பொறுத்து 35 அல்லது 40 பாகை இறங்கும். நீங்கள் பார்த்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. இறக்கைக்கு அடியிலிருந்து காற்று அதன் வழியே பாய்ந்து, மேலே வேகம் குறைந்து பிரியப் பார்க்கும் காற்றுக்கு உந்துதல் கொடுக்கும். இறக்கைக்கு அடியில் தோணி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கூடுகளுக்குள் இருப்பவை ஃபிளாப் நகரும் தடங்கள்.

ஒரு பக்க ஃபிளாப் இறங்கி மறுபக்கம் இறங்காவிட்டால் விமானம் உருளப் பார்க்கும். அதனால் வித்தியாசம் தெரிந்த உடனேயே இறக்கை நுனிகளில் உள்ள பிரேக்குகள் இரு பக்கத்தையும் இருந்த நிலையிலேயே பூட்டிவிடும். பிறகு அதிக வேகத்தில், நீளமான ஓடுபாதையில் இறங்குவார்கள்.

மேலே எழும்பிய பலகைகள் ஸ்பாய்லர், ஒரு பக்கத்துக்கு ஐந்து. ஆகாயத்தில் திரும்பும்போது தாழும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் எழும்பி, நுனிக்கு அருகே பின்விளிம்பில் இருந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான் என்ற பலகைக்குத் துணை செய்யும். தரையைத் தொட்டதும் பத்தும் நிமிரும். காற்றைத் தடுப்பது அதில் பாதி வேலைதான். தூக்குவிசையைக் கொன்று எடையைச் சக்கரத்தின் மேல் இறக்குவதுதான் முக்கியம். சக்கரத்தில் எடை விழாமல் பிரேக் பிடிக்காது. 1993 செப்டம்பர் 14 அன்று போலந்தின் வார்சாவில் ஓர் ஏ320 நனைந்த ஓடுபாதையில் வலது சக்கரத்தை முதலில் ஊன்றியது. இடது சக்கரம் ஊன்ற சுமார் 9 வினாடிகள் ஆயின. விமானம் முழுவதும் தரையில் இருப்பதாகக் கணினி ஏற்காததால் ஸ்பாய்லர் எழத் தாமதமானது. ஓடுபாதை தாண்டி மண்மேட்டில் மோதியதில் இருவர் இறந்தனர்.

குரைத்தது பி.டி.யு. (பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட்) என்ற பம்ப். இந்தப் பாகங்களை அழுத்தமூட்டிய திரவத்தால் நகர்த்த, பச்சை, மஞ்சள், நீலம் என மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே வித்தியாசம் 500 பவுண்டைத் தாண்டினால், வலுவானது இந்தப் பம்ப் வழியாக மற்றதற்கு உதவும். திரவம் கலக்காது, விசை மட்டும் போகும். ஒரே எஞ்சினில் நகரும்போதும் இரண்டாவது எஞ்சினைக் கிளப்பும்போதும் இந்தக் குரைப்பு சகஜம்.

வால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. படுக்கைவாட்டில் இருப்பதில் எலிவேட்டர், மூக்கை ஏற்றி இறக்க. நிமிர்ந்து நிற்பதில் ரடர். விமானத்தைத் திருப்புவது ரடர் என்று பலர் நினைக்கிறார்கள். திருப்புவது, இறக்கை ஒரு பக்கமாகச் சாய்வதுதான். ரடருக்குப் பெரிய வேலை வருவது பக்கக்காற்றிலும், ஓர் எஞ்சின் நின்றுபோகும்போதும்.

ஈரக்காற்றில் இறக்கைமேல் ஓடும் வெண்புகை வெறும் நுண்ணிய நீர்த்துளிப் படலம். ஆனால் புறப்படும் முன் இறக்கைமேல் பனியோ உறைபனியோ படிந்திருந்தால், திரவம் விடாமல் வழிந்தால், தகடு ஏதாவது ஆடினால், பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லத் தயங்காதீர்கள். சில ஜன்னல்களுக்கு மேல் சின்ன முக்கோணம் ஒட்டியிருக்கும். ஃபிளாப்பையோ ஸ்லாட்டையோ கண்ணால் பார்க்க வேண்டியிருந்தால், விமானக் குழுவினர் வந்து நிற்கும் இடம் அதுதான். உங்களுக்கும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.