வாசகர் கேள்வி – பதில்: பேச்சு மறுகரை சேர வேண்டுமே!

கேள்வி: எங்கள் நிறுவனம் வெளிநாட்டில் ஒருநாள் வணிகக் கருத்தரங்கு நடத்துகிறது. ஏற்பாடுகளுக்கு உதவியாக என்னையும் அனுப்புகிறார்கள். எங்கள் பேச்சாளர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம் தெரியாதவர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. எழுத்தை மொழிபெயர்ப்பவர் வேறு. பேசப் பேச அங்கேயே மாற்றிச் சொல்பவர் வேறு. உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர், அதாவது உரைபெயர்ப்பாளர். முன்பு துபாஷி என்றது இவரைத்தான். ஒப்பந்தங்களை அருமையாக மொழிபெயர்க்கிறவர் மேடையில் திணறிப்போவது உண்டு. ஆகவே ஆளைத் தேடும்போதே எந்த வேலைக்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, எந்த முறை என்று முடிவு செய்யுங்கள். பேச்சாளர் நாலைந்து வாக்கியம் பேசி நிறுத்த, அதை உரைபெயர்ப்பாளர் சொல்வது தொடர் முறை. கருவி அதிகம் தேவையில்லை; ஆனால் நேரம் இரட்டிப்பாகும். 60 நிமிடம் ஒதுக்கினால் பேச்சாளருக்குக் கிடைப்பது 25 முதல் 30 நிமிடம்தான். நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். முதல் பேச்சே அரை மணி நேரம் இழுத்துவிடும். அதை ஈடுகட்டக் கேள்வி நேரத்தில் கை வைப்பார்கள். வந்தவர்களில் பலர் காத்திருந்ததே அந்தக் கேள்வி நேரத்துக்காகத்தான்.

பேச்சாளர் நிறுத்தாமல் பேச, ஒலிபுகாத சிறு அறையான பூத்தில் இருந்தபடி உரைபெயர்ப்பாளர் கூடவே சொல்லிக்கொண்டு போவது உடனிகழ் முறை. நாஜித் தலைவர்கள் மீது 1945 நவம்பரில் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணையை ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளில் உடனிகழ் முறையில்தான் நடத்தினார்கள். இந்த முறைக்கு ஒரு மொழிக்கு இரண்டு பேர் வேண்டும். 20 – 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் மூளை சீக்கிரம் களைத்துவிடும். களைத்தவர் முதலில் தவறவிடுவது எண்களையும் பெயர்களையும். வணிகக் கருத்தரங்கில் அவை போனால் மிச்சம் என்ன இருக்கிறது? ‘ஒருவரே சமாளித்துவிடுவார்’ என்று யாராவது செலவைக் குறைக்கச் சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய உதவி, முன்கூட்டியே தாள் கொடுப்பது. ஒரு வாரத்துக்கு முன்பே ஸ்லைடுகள், பேச்சாளர்களின் பெயர்கள், நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் சுருக்கப் பெயர்கள், 40 – 50 துறைச் சொற்கள் ஆகியவற்றை அனுப்பிவிடுங்கள். எண்களுக்குத் தனியாக ஒரு பக்கம். ஏன் என்று பாருங்கள்: பேச்சாளர் ‘25 மில்லியன்’ என்கிறார். ஜப்பானிய மொழியிலும் சீனத்திலும் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டுவார்கள். அங்கே அது ‘2,500 பத்தாயிரம்’. நாம் லட்சம், கோடி என்று கட்டுவதைப் போலத்தான். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே அடுத்த வாக்கியத்தையும் காதில் வாங்க வேண்டும். பில்லியன் இன்னும் ஆபத்து. இன்றைய ஆங்கிலத்தில் அது 100 கோடி. ஜெர்மன் மொழியில் அதே போல ஒலிக்கும் சொல்லுக்கு லட்சம் கோடி என்று பொருள். எண்ணைத் திரையில் காட்டிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தும்படி பேச்சாளரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: உடனிகழ் முறைக்கு ஹெட்போன், ரிசீவர் எல்லாம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். எங்கே கோளாறு வரும்?

பதில்: பெரும்பாலும் மைக்கில்தான். பூத்துக்குள் இருப்பவருக்கு ஹெட்போனில் வருவது மட்டுமே காதில் விழும். பார்வையாளர் ஒருவர் மைக் இல்லாமல் எழுந்து கேட்டால், அரங்கமே கேட்டிருக்கும், உரைபெயர்ப்பாளருக்குக் கேட்டிருக்காது. கம்பியில்லா மைக் இரண்டு, அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக் கைக்கு வரும்வரை பேச வேண்டாம் என்று நெறியாளர் ஒவ்வொரு முறையும் சொல்லட்டும். பூத்துக்கு ஒலி, எல்லா மைக்குகளும் இணையும் மிக்ஸர் கருவியிலிருந்து நேராகப் போக வேண்டும்.

எல்லோரும் மறக்கும் ஒன்று: மேடையில் இருப்பவர்களுக்கும் ரிசீவர், அதாவது உரைபெயர்ப்பை வாங்கி ஹெட்போனுக்குத் தரும் சிறு கருவி, வேண்டும். கேள்வி உள்ளூர் மொழியில் வரும். பேச்சாளர் காதில் ஒன்றும் இல்லாமல் விழித்துக்கொண்டு நிற்பார். யாராவது ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்து, சேனலைத் தேடி முடிப்பதற்குள் கேள்வியே ஆறிப்போகும்.

ரிசீவருக்கு ஒலியை அனுப்புவது இன்ஃப்ராரெட் கருவியா, ரேடியோவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஃப்ராரெட் ஒளி சுவரைத் தாண்டாது, ஆகவே ரகசியப் பேச்சுக்கு நல்லது. ஆனால் பெரிய ஜன்னல் வழியே நேர் வெயில் விழுந்தால் இரைச்சல் வரும். ரேடியோவுக்கு வெயில் பொருட்டல்ல. பக்கத்து அறையிலும் கேட்கும். ரிசீவர்களைப் பத்துக்கு ஒன்று கூடுதலாக எடுங்கள். எந்தச் சேனலில் எந்த மொழி என்பதை அந்தந்த மொழியிலேயே எழுதி ரிசீவரின் பின்பக்கம் ஒட்டிவிட்டால், வாசல் மேசையில் பாதிக் கூட்டம் குறையும்.

முன்வரிசையில் உட்கார்ந்து ‘மெதுவாக’ என்று பெரிதாக எழுதிய அட்டையைப் பிடிக்க ஒருவரை நியமியுங்கள். எழுதி வைத்ததை வாசிக்கத் தொடங்கியதும் எந்தப் பேச்சாளரும் வேகமெடுப்பார். நிமிடத்துக்கு 100 – 120 சொல் என்பதுதான் உரைபெயர்ப்பாளருக்குத் தோதான வேகம்.

கேள்வி: பெயர் அட்டை அடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: ஜப்பான், சீனா, கொரியா, ஹங்கேரி ஆகிய நாடுகளில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். பதிவுப் படிவத்திலேயே ‘உங்களை எப்படி அழைக்க வேண்டும்?’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அட்டையில் ஆங்கில எழுத்து, உள்ளூர் எழுத்து இரண்டிலும் பெயர் இருக்கட்டும். நிகழ்ச்சி நிரலில் 03/04 என்று தேதி போட்டால் சிலர் ஏப்ரல் 3 என்றும் சிலர் மார்ச் 4 என்றும் படிப்பார்கள்; மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: சென்ற முறை ‘கேள்விகள் உண்டா?’ என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்சு பிடிக்கவில்லை என்று எங்கள் மேலாளர் வருந்தினார். அப்படித்தானா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உடனிகழ் முறையில் உரைபெயர்ப்பு சில விநாடி பின்னால்தான் வரும். ‘கேள்விகள் உண்டா?’ என்பது அவர்கள் காதில் விழும் நேரத்தில் பேச்சாளர் ‘சரி, நன்றி’ என்று தாளை மடித்துக்கொண்டிருப்பார். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பல இடங்களில் மேலதிகாரி பேசும் முன் இளையவர் பேசமாட்டார். பேச்சாளரைப் பொதுவில் கேள்வி கேட்பதே அவரைச் சங்கடப்படுத்துவதாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. ‘ஆம், ஆம்’ என்று தலையாட்டுவதையும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானியர் ‘ஆம்’ என்பதற்குச் சொல்லும் ‘ஹாய்’ பல நேரங்களில் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பது மட்டுமே. பதிவின்போதே கேள்விச் சீட்டு கொடுத்து, அவர்கள் மொழியிலேயே பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். இடைவேளைக்கு முன் வாங்கினால் உரைபெயர்ப்பாளருக்கு அவற்றைப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். அல்லது, பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் பேசிவிட்டு, இருவருக்குமாகச் சேர்த்து ஒரு கேள்வி சொல்லச் சொல்லுங்கள்.

உண்மையான கேள்விகள் பல தேநீர் இடைவேளையில்தான் வரும். பூத்தில் இருந்தவர்களுக்கு அப்போது ஓய்வு வேண்டும். அவர்களை இழுக்காமல், கூட நின்று பேச இன்னொரு உரைபெயர்ப்பாளரை அந்த நேரத்துக்கும், நிகழ்ச்சி முடிந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.