குரல்வளையில் கிரானுலோமா: வெட்டினால் போய்விடுமா?

கேள்வி: "மூன்று மாதமாகத் தொண்டை கரகரப்பு. இ.என்.டி. டாக்டர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் கிரானுலோமா என்கிறார். எதனால் வருகிறது? ஆபரேஷன் செய்துவிட்டால் தீர்ந்துவிடுமா?"

குரல்வளையில் ஆறாத புண்ணின் மேல் வளர்ந்து நிற்கிற சதைக்கட்டிதான் இந்தக் கிரானுலோமா. வெட்ட அவசரப்படாதீர்கள். வெட்டிக்கொண்டு, இரண்டரை மாதத்தில் அதே இடத்தில் அதே அளவுக்குத் திரும்ப வளர்த்துக்கொண்டவன் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கும்பகோணம் – மன்னார்குடி தடத்தில் பதினாறு வருஷமாகத் தனியார் பஸ் கண்டக்டர். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் "வலங்கைமான், ஆலங்குடி, நீடாமங்கலம், மன்னார்குடி" என்று கத்த ஆரம்பித்தால் இரவு கடைசி ட்ரிப் வரைக்கும் வாய் மூடாது. வியாழக்கிழமை ஆலங்குடி குரு கோயில் கூட்டம் வேறு. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிற நேரம்தான் தொண்டைக்கு ஓய்வு, ஊரே திட்டுகிற அந்த கேட்டை நான் மட்டும் மனசுக்குள் வாழ்த்திக்கொண்டிருப்பேன்.

எனக்கு முதலில் குரல் கம்மவில்லை. வலது பக்கம் முள் சிக்கின மாதிரி உறுத்தல். அதற்கு முந்தின நாள் கெண்டைக் குழம்பு சாப்பிட்டிருந்ததால் மீன் முள்தான் என்று நினைத்து, சோற்று உருண்டை, வாழைப்பழம் எல்லாம் மெல்லாமல் விழுங்கிப் பார்த்தேன். போகவில்லை. பிறகு எச்சில் விழுங்கினால் வலது காதுக்குள் சுருக்கென்று குத்தியது. காதைக் காட்டினால் காது சுத்தமாக இருக்கிறது என்றார்கள். குரல்வளைக்கும் காதுக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு ஒன்றின் கிளைகள்தானாம், அதனால் தொண்டையில் புண் என்றால் காதில் வலிக்குமாம். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இதற்கிடையில் செருமல் பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் இரவு சாப்பிட்டு எழுந்ததும் என் மனைவி சொன்னாள், "முப்பத்தேழு தடவ செருமுனீங்க, எண்ணிக்கிட்டே இருந்தேன்." நான் ஏழெட்டு தடவை இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கேமராவில் பார்த்தபோது குரல்வளையின் பின்பக்கம், வலது ஓரத்தில், மொச்சைக்கொட்டையைப் பாதியாகப் பிளந்து ஒட்டின மாதிரி வெளிறின இளஞ்சிவப்பில் ஒரு கட்டி. நான் முதலில் போன ஆஸ்பத்திரியில் பார்த்ததும் எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள், புற்றுநோய் இல்லை என்று வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. அப்போது நான் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவன், கும்பகோணத்துக்காரனுக்கு வெற்றிலை வாங்கவா சொல்லித்தர வேண்டும், சோதித்துப் பார்த்ததில் நியாயம் இருக்கிறது. என் வருத்தமெல்லாம், இது ஏன் வந்தது, நீ என்ன வேலை பார்க்கிறாய், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று யாருமே கேட்கவில்லை என்பதுதான். பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். கட்டியும் திரும்ப வந்தது.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நமக்கு இரண்டு குரல் நாண்கள். முன்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு மெத்தென்று இருக்கும், அதிர்ந்து ஒலி எழுப்புவது அந்தப் பகுதிதான். பின்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, ஆரிடினாய்டு என்று பெயர், அதன் நுனி மேல் வெறும் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். கத்தும்போதும் இருமும்போதும் செருமும்போதும் இரண்டு பக்கத்துக் குருத்தெலும்பும் ஒன்றோடொன்று படாரென்று அறைந்துகொள்ளும். அறைந்து அறைந்து தோல் உரியும், புண்ணாகும், ஆற விடாமல் மறுபடி அறைவதால் ஆறுவதற்காக வளர்கிற சதை அளவுக்கு மீறி வளர்ந்து கட்டியாக நிற்கும். கிரானுலோமா என்று பெயர் இருந்தாலும் காசநோயில் வருகிற கிரானுலோமா வேறு, இது ஆறாத புண்ணின் சதை, அவ்வளவுதான். அதிர்கிற பகுதியில் இல்லாததால்தான் பலருக்குக் குரல் பெரிதாகக் கெடாமலே உறுத்தலும் வலியும் மட்டும் இருக்கும்.

டாக்டர் சொன்ன உவமை செருப்புக்கடி. "குதிகால்ல செருப்பு கடிச்ச இடத்த வெட்டி எடுத்துட்டு, மறுநாள் அதே செருப்பப் போட்டுக்கிட்டு நடந்தா என்னய்யா ஆகும்?" என்று கேட்டார். வெட்டின இடமே புதுப் புண், அந்தப் புண்ணின் மேலும் அதே அடி. ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இவ்வளவுதான். புது வியாதியும் இல்லை. அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை டாக்டர் 1928இலேயே இந்த உராய்வுப் புண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, செருப்பு எது? ஆளுக்கு ஆள் வேறு. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

குரலை அடித்துப் பேசுவது ஒன்று. கண்டக்டர், வாத்தியார், மேடைப் பேச்சாளர், அடித்தொண்டையில் கனமாகப் பேசினால்தான் மரியாதை என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் இதில் அடக்கம், ஆண்களே அதிகம். ஓயாத செருமலும் நாள்பட்ட இருமலும் இதே வேலையைத்தான் செய்யும். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அதனாலேயே வறட்டு இருமல் வரும். நீங்களும் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று வயிற்று அமிலம் மேலேறித் தொண்டைக்கு வருவது. நெஞ்செரிச்சல் இல்லையே என்று நானும் வாதாடினேன். நெஞ்சில் எரியாமலே குரல்வளை வரை வருமாம். என் சாப்பாட்டு லட்சணத்தைக் கேளுங்கள்: கடைசி ட்ரிப் மன்னார்குடி போய்ச் சேர இரவு பத்தரை, நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட், பதினொரு மணிக்கு பஸ்ஸின் பின் சீட்டில் கட்டை நீட்டினால் காலை நாலரைக்கு எழுந்து வெறும் வயிற்றில் டீ. சொல்லி முடித்ததும் டாக்டர் சிரித்துவிட்டார். குருத்தெலும்பு மேல் உரிந்த புண்ணில் ராத்திரி முழுக்க அமிலம் பட்டால் எங்கே ஆறும்.

மூன்றாவது, ஆபரேஷன் மயக்கத்துக்கோ வென்டிலேட்டருக்கோ மூச்சுக்குழாயில் விடுகிற டியூப். அந்த டியூப் சரியாக அந்தக் குருத்தெலும்பு மேல்தான் சாய்ந்து கிடக்கும். பெண்களுக்குக் குரல்வளை சிறியது என்பதால் இந்த வகை அவர்களுக்கு அதிகம். என் அத்தை கொரோனா சமயத்தில் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தவர். இரண்டு மாதம் கழித்துக் குரல் காற்றாகப் போக ஆரம்பித்தது, பார்த்தால் இரண்டு பக்கமும் கட்டி. அவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். நாலாவது மாதம் ஒரு நாள் இருமும்போது சதைத்துணுக்கு ஒன்று வெளியே வந்து விழ, வீடே பதறிப்போய் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். காம்பு மெலிந்து தானாக அறுந்து விழுவது இதில் நடக்கிறதுதானாம். டியூப் எடுத்தாகிவிட்டது, அடி நின்றுவிட்டது, அதனால் தானாக ஆறியது. நம்மைப் போல் வாயால் வரவழைத்துக்கொண்டவர்களுக்கு அடி நிற்பதில்லை, அதுதான் கஷ்டம்.

நான்காவதாக, ஒரு பக்க நாண் சரியாக அசையாமலோ வயதாகி மெலிந்தோ போனவர்கள், இடைவெளியை மூடுவதற்காக முக்கிப் பேசிப் பேசி இதை வரவழைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அந்த இடைவெளியைச் சரிசெய்தால்தான் கட்டி போகும்.

இப்போது வைத்தியம். எனக்குக் கொடுத்தது வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை, காலை இரவு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். இந்த அரை மணி முக்கியம், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பாதி வேலைதான் செய்யும். மூன்று மாதம், தேவைப்பட்டால் ஆறு மாதம் என்றார்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி வருஷக்கணக்கில் விழுங்காதீர்கள், எவ்வளவு நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். மாத்திரையோடு படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாட்டை முடிப்பது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவது. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும், கட்டில்தான் உயர வேண்டும். பஸ்ஸில் இதெல்லாம் நடக்காதே! முதலாளியிடம் கெஞ்சி, ராத்திரித் தங்கல் இல்லாத வண்டிக்கு மாறினேன். தினப்படியில் கொஞ்சம் குறைச்சல்தான். புகையிலையும் அன்றோடு போனது.

ஆனால் என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் குணமாக்கியது ஸ்பீச் தெரபி, அதாவது பேசுகிற விதத்தைத் திருத்துகிற பயிற்சிதான். சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண், என் மகள் வயதைவிட நாலைந்து கூட இருக்கலாம். முதல் நாள், "பஸ்ல என்னென்ன கத்துவீங்க, அப்படியே கத்திக் காட்டுங்க சார்" என்றது. நானும் கூச்சத்தோடு கத்திக் காட்டினேன். அது நோட்டில் எழுதி, சில சொற்களின் முதல் எழுத்தை மட்டும் வட்டம் போட்டு என்னிடம் திருப்பியது. ஆலங்குடி. ஏறுங்க. இறங்குங்க. உள்ள போங்க. எங்க போகணும். அஞ்சு ரூபா சில்லறை இருக்கா. பாதிக்கு மேல் உயிரெழுத்து! உயிரெழுத்தில் ஆரம்பிக்கிற சொல்லைக் கத்தும்போது நாம் குரல்வளையை இறுக்கி மூடி, பின்பு படாரென்று திறக்கிறோம், அந்த 'ஆ'வில்தான் அறை விழுகிறது. சத்தமில்லாமல் 'ஆலங்குடி' என்று சொல்லப்போவது போல் ஆரம்பித்துப் பாருங்கள், தொண்டைக்குள் அடைப்பு விழுவது உங்களுக்கே தெரியும். அந்த 'ஆ'வுக்கு முன்னால் மூச்சை லேசாக விட்டு, 'ஹாலங்குடி' மாதிரி ஆரம்பிக்கச் சொன்னது அந்தப் பெண். ஒரு வாரம் ஸ்டாண்டில் டீக்கடைப் பசங்கள் "அண்ணே, ஹாலங்குடி எப்பண்ணே கிளம்பும்?" என்று ஓட்டினார்கள். "போலாம் ரைட்"டுக்கு மட்டும் தண்டனையில்லை, அது உதட்டில் ஆரம்பிக்கிற சொல்.

அப்புறம் ஸ்ட்ரா. பாட்டில் தண்ணீரில் இரண்டு விரல்கடை ஸ்ட்ராவை விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விட வேண்டும், ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. இளநீர்க் கடையில் வாங்கின ஸ்ட்ரா ஒன்று என் தோல் பையில் சில்லறையோடு எப்போதும் கிடக்கும், நீடாமங்கலம் கேட்டில் வண்டி நின்றதும் எடுத்து விடுவேன். செருமல் வந்தால் செருமாமல் ஒரு மிடறு தண்ணீர், தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்கு. முதல் பத்து நாள் இது நரகம். உறுத்தலால் செருமுகிறோம், செருமுவதால் உறுத்துகிறது, எங்காவது ஒரு இடத்தில் அதை அறுத்தாக வேண்டும். குரலைக் கீழே அமுக்காமல் அரைக்கட்டை ஏற்றிப் பேசவும் சொல்லிக்கொடுத்தது. மிச்சத்துக்கு விசில் இருக்கவே இருக்கிறது, கண்டக்டருக்குக் கடவுள் கொடுத்த வரம்.

மூன்றாவது மாதக் கேமராவில் பாதியாகியிருந்தது. ஏழாவது மாதம் அரிசி மணி அளவு. இப்போது வழவழப்பாக இருக்கிறது என்கிறார்கள்.

இதற்கும் மசியாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. போடாக்ஸ் ஊசியைக் குரல்வளையை மூடுகிற தசையில் போட்டால் சுமார் மூன்று மாதத்துக்கு அந்தத் தசை பலமிழந்து அறைவது குறையும், அதற்குள் புண் ஆறிவிடும். சில வாரம் குரல் காற்றாகத்தான் வரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். சிலருக்கு ஸ்டீராய்டை மூச்சோடு உள்ளே இழுக்கவோ கட்டியிலேயே ஊசியாகவோ கொடுக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டி பெரிதாகி மூச்சை அடைத்தால், பார்வைக்குப் புற்றுநோய் போலவோ காசநோய் போலவோ சந்தேகம் வந்தால், மாதக்கணக்கில் வைத்தியம் செய்தும் அசையாமல் நின்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் மாத்திரையும் தெரபியும் கூடவே ஓடாவிட்டால் என் கதைதான். மூச்சு விடும்போது சத்தம், எச்சிலில் ரத்தம், கழுத்தில் நெறி கட்டுவது, எடை குறைவது, சோறு இறங்காதது, இதில் எது இருந்தாலும் ஆறு மாதம் காத்திருக்கிற பேச்சே கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இல்லை. கரகரப்பு வருவதற்கு முன்னால் ஏதாவது ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுத்தார்களா? என்ன வேலை பார்க்கிறீர்கள்? இரண்டையும் எழுதுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அடுத்த தடவை போகும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.