நாய்க்குட்டி நொண்டுகிறதா? முதலில் விரலிடுக்கைப் பாருங்கள்

கேள்வி: ஆட்டுக் கிடைக்குக் காவலாக இருக்கட்டும் என்று இராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கினோம். மூன்றரை மாதம் ஆகிறது, எடை 8 கிலோ. நான்கு நாளாக வலது முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. விரலிடுக்கு சிவந்திருக்கிறது, ஓயாமல் நக்குகிறது. நேற்றிலிருந்து மற்றக் கால்களையும் நக்குகிறது. பகலில் தோட்டத்திலும் கண்மாய்க் கரையிலும் திரியும். இரவில் வீட்டு வளவுக்குள் (உள்முற்றத்தில்) விடுகிறோம். தீனி பால்சோறுதான். தடுப்பூசி இன்னும் போடவில்லை. ஆட்டுக் குளம்புக்கு வைத்திருக்கும் மயில்துத்தக் (துருசு) கரைசலில் காலை முக்கலாமா? வலிக்கு என்ன மாத்திரை தரலாம்?
– ஒரு விவசாயி, தேவகோட்டை வட்டம்

பதில்: மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். ஆடு குளம்பை நக்காது, நாய் நக்கும். நக்கியது வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கும், குடலும் ஈரலும் புண்ணாகும். அதேபோல வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் குட்டிக்கு வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு தப்பினால் ஈரலைக் கெடுக்கும். நாய்க்கான வலி மருந்து தனியாக உண்டு. அதை மருத்துவர் எடை பார்த்துத்தான் தர வேண்டும்.

இனி காலுக்கு வருவோம். ஒற்றைக் கால் என்றால் முள், வெட்டு, ஒடிந்த நகம் என்று தேடலாம். பல கால்களையும் நக்கினால் புழு, சொறி, உண்ணி, தீனி என்று யோசிக்க வேண்டும். உங்கள் குட்டிக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. முள்ளை எடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

பகல் வெளிச்சத்தில் ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பார்க்க வேண்டும். வலியில் கடிக்கும் என்பதால் மூக்கைச் சுற்றி ஒரு துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ வாந்தி வந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். முதலில் வலியில்லாத காலைத் தொட்டுப் பழக்குங்கள். பிறகு நொண்டும் காலில் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்கு, அடிப்பாதத்து மெத்தை, நகத்தின் வேர், பக்கவாட்டில் தொங்கும் ஒட்டுநகம் என்று வரிசையாகப் பாருங்கள். ஒட்டுநகம் சுருண்டு சதைக்குள் ஏறியிருப்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பாதத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மேலே போய், ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். எங்கே காலை இழுத்துக்கொள்கிறதோ அங்கேதான் நோவு.

கண்மாய்க் கரையில் திரிகிற குட்டி என்பதால் சீமைக்கருவேல முள்ளின் மேல்தான் என் முதல் சந்தேகம். மெத்தையில் ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெளுத்த வளையம் தெரிந்தால் அதுதான். இடுக்கில் என்றால் முடியைக் கத்தரித்து, உப்புநீர் ஊற்றினால் தெரியும். கொதிநீரில் போட்டெடுத்த சாமணத்தால், குத்திய வழியிலேயே நேராக வெளியே இழுங்கள். ஊசியால் நோண்ட வேண்டாம், முள் இன்னும் உள்ளே போகும். எடுத்த முள்ளின் நுனியைப் பாருங்கள். கூராக இருந்தால் முழுதும் வந்துவிட்டது. மொட்டையாக இருந்தால் முனை உள்ளே ஒடிந்து கிடக்கிறது. மேலே ஆறினாற்போல் இருந்து, சில நாளில் அதே இடத்தில் வீங்கிச் சீழ் வடியும். அதை மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும். நெருஞ்சி முள் பெரும்பாலும் மெத்தையின் மேலாகவே இருக்கும், கையோடு வந்துவிடும்.

கொதித்து ஆறிய வெதுவெதுப்பான ஒரு லிட்டர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி கல்லுப்பைப் பொடித்துக் கரையுங்கள். காலையும் மாலையும் பாதத்தை அதில் 5 முதல் 10 நிமிடம் வைத்திருந்து, இடுக்கு வரை துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் இடுக்கு மறுபடி வெந்துபோகும். புண் இருந்தால் போவிடோன் அயோடினை நீரில் விட்டு, பால் விடாத லேசான டீயின் நிறத்துக்கு வரும்வரை கரைத்துத் தடவலாம். கட்டுப் போடுவதானால் விரல்களுக்கு நடுவே பஞ்சு வைத்து, பாதம் முழுவதையும் சேர்த்துக் கட்டுங்கள். கட்டுக்கு மேலே வீங்கினாலோ, அவிழ்க்கும்போது விரல் சில்லிட்டிருந்தாலோ இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். தினமும் மாற்றுங்கள், ரப்பர் வளையம் போடக் கூடாது. நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை தேவை, இல்லையென்றால் இத்தனை பாடும் வீண்.

மற்றக் கால்களுக்கு: மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம். நாய் மலம் கிடக்கும் ஈர மண்ணிலிருந்து அதன் இளம்புழு பாதத் தோல் வழியாகவும் ஏறும். இடுக்கு சிவந்து அரிக்கும், மெத்தை கொழகொழப்பாகும். வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளின் தோலிலும் அது ஏறும் என்பதால் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள். பிராசிகுவான்டெல், பைரன்டெல், ஃபென்பன்டசோல் சேர்ந்த குடற்புழு மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று என்று வரும். அட்டையைப் படித்து, எடைக்கேற்ப மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு கொடுங்கள், 15 நாள் கழித்துத் திரும்பவும் கொடுங்கள். ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை தர வேண்டும். இடுக்கில் முடி உதிர்ந்து, தோல் தடித்திருந்தால் சொறிப்பேன் என்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கலாம். அதற்குத் தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஆட்டு உண்ணிக்கு வைத்திருக்கும் மருந்தை இந்த வயதுக் குட்டியின் மேல் ஊற்றிவிடாதீர்கள். உண்ணி இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுங்கள்.

பால்சோறு மட்டும் தின்னும் குட்டிக்கு எலும்பு உறுதிப்படாது. வெறும் கறிச்சோறு இன்னும் மோசம், அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மணிக்கட்டு வளைந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சோற்றில் பாதியைக் கேழ்வரகாக மாற்றி, வேகவைத்த முட்டையும் எலும்பில்லாத கறியும் சேருங்கள். காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு நாளுக்கு அரைத் தேக்கரண்டி போடலாம். கடையில் விற்கும் சுண்ணாம்புச் சத்து மருந்தை அதன்மேல் ஊற்ற வேண்டாம். பெரிய இனக் குட்டிக்கு அது அளவு மிஞ்சினாலும் எலும்பு கோணும்.

இரவு விடுகிற வளவின் தரையையும் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு, ஓடித் திரும்பும் குட்டிக்குச் சறுக்குமரம். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு முறை கால் அகன்று விழுந்தாலே சுளுக்கும். படுக்கும் இடத்தில் சாக்கை விரித்துவிடுங்கள். பினாயில் போட்ட தரை காயும்வரை குட்டியை அங்கே விட வேண்டாம். பாதம் எரிந்து நக்கினால் உள்ளேயும் போகும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

காலைக் கீழேயே ஊன்றாவிட்டால், எலும்பு கோணலாகத் தெரிந்தால், சீழ் வடிந்தால், குதவாயில் வைத்துப் பார்க்கும் சூடு 103 டிகிரியைத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். கண்ணில் பீளை, மூக்கில் ஒழுக்கு, மெத்தை காய்ந்து கட்டியாவது, கால் தானாக வெட்டி வெட்டி இழுப்பது ஆகியவை சேர்ந்தால் அது டிஸ்டெம்பர் என்னும் நாய்களின் தொற்றுநோயாக இருக்கலாம். நொண்டல் என்று நினைத்துவிடக் கூடாது. எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணம் மாறியிருந்தால் அது வெறிநோயாக இருக்கலாம்; தொடவே தொடாமல் ஓர் இடத்தில் அடைத்துவைத்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஊசி போடாத குட்டி கடித்தாலோ, கையில் இருக்கும் கீறலில் எச்சில் பட்டாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று நாளில் நொண்டல் குறையாவிட்டால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தடுப்பூசிகளையும் எப்போது தொடங்கலாம் என்று அங்கேயே கேட்டுவிடலாம். அன்று காலையில் போட்ட மலத்தில் கொஞ்சம் மூடி போட்ட டப்பாவில் எடுத்துப்போனால், புழு இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துச் சொல்ல முடியும்.