சேட்டையா, எழுத்துக்குப் பயமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான், எழுதச் சொன்னால் நோட்டைக் கிழிக்கிறான் என்று வாராவாரம் புகார். மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார் டீச்சர். ஆனால் செல்போன் கொடுத்தால் மணிக்கணக்கில் அசையாமல் இருக்கிறான். ‘ஆம்பளப் புள்ள அப்படித்தான் இருப்பான், ஆஸ்பத்திரிக்குப் போனா பேர் கெட்டுடும்’ என்கிறார் மாமியார். பள்ளி வழியாகவே உதவி கிடைக்குமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கிடைக்கும். அதற்கு முன் டீச்சரிடம் கேளுங்கள்: நாள் முழுக்க இப்படியா, எழுத, வாசிக்கச் சொல்லும்போது மட்டுமா? விளையாட்டு நேரத்தில் எப்படி?

எழுதச் சொன்னால் நோட்டைக் கிழிக்கிறான் என்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். எழுத்துக் கூட்ட வராத பிள்ளை, மற்றவர்கள் முன்னால் அது தெரிந்துவிடுமோ என்று பயந்து சேட்டையில் இறங்குவதுண்டு. மக்கு என்று பேர் வாங்குவதைவிட ரவுடி என்று பேர் வாங்குவது அவனுக்குச் சுலபம். இந்தக் கற்றல் குறைபாட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. மூன்றாம் வகுப்பு, அதைச் சோதிக்கச் சரியான வயது. கண்பார்வையையும் காதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

செல்போனை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைகளும் ஓடிக்கொண்டே இருக்கும் திரையை விட்டு நகர மாட்டார்கள். அதை உறுதிசெய்ய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஆகவே டீச்சர் பார்த்ததை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ‘அடங்காதவன்’ என்று எழுதினால் மருத்துவர்களான எங்களுக்குப் பயனில்லை. எந்த வகுப்பில், என்ன செய்யச் சொன்னபோது எழுந்து போனான் என்பதே வேண்டும்.

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கொரு முறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. 18 வயதுவரை பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். உங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் உண்டு. தலைமையாசிரியரிடம் கேளுங்கள். குழு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். மனநல ஆலோசனைக்கான 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பேர் கெடும் என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை: கல்வி உரிமைச் சட்டப்படி (2009) எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது, அடிக்கவும் கூடாது. அடி வாங்குகிறானா, யாராவது கேலி செய்கிறார்களா என்று அவனிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

போனதும் மாத்திரை தருவார்கள் என்று நினைக்காதீர்கள். பெற்றோருக்கான பயிற்சியும் வகுப்பறை மாற்றங்களுமே பல பிள்ளைகளுக்கு முதல் படி. ஏடிஹெச்டி உறுதியாகி மாத்திரை தேவைப்பட்டாலும், அது தூங்கவைக்கும் மருந்தல்ல. பசி, தூக்கம், எடை ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே தருவோம். வீட்டில் சண்டை, குடி, சமீபத்திய இழப்பு உண்டா என்றும் விசாரிப்பார்கள். குற்றம் சாட்ட அல்ல, மறைக்காதீர்கள்.

போகும்போது டீச்சரின் தாள், அவனுடைய தமிழ், கணக்கு நோட்டுகள், கிழித்ததும் இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவருடைய சந்தேகங்களுக்கு மருத்துவரே பதில் சொல்லட்டும்.