பிடிக்கவில்லை, சரி. எந்த இடத்தில்?

கேள்வி: மை பிளடி வாலண்டைன் என்ற ராக் குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தை எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்கிறது. பாடுவது ஆணா பெண்ணா என்றுகூடப் புரியவில்லை. இதைச் சொன்னால், “உனக்கு ரசனை போதாது” என்கிறான் நண்பன். ரசனை அவரவர் விருப்பம்தானே?

பதில்: அவரவர் விருப்பம்தான். உங்கள் நண்பர் சொன்னது தப்பு. பிடிக்கவில்லை என்று சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் “ஒரே இரைச்சல்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே, அதில்தான் எனக்கு வருத்தம். எத்தனை தடவை கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரிலா, ஹெட்போனிலா?

முதல் பாட்டை மட்டும் நல்ல ஹெட்போனில் போடுங்கள். டிரம்மில் நாலே நாலு அடி. அப்புறம் கிட்டார் சத்தம் மொத்தமாக வந்து விழும். அந்தச் சுருதி ஓர் இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான கெவின் ஷீல்ட்ஸ், கிட்டாரில் நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரெமலோ கைப்பிடியைக் கையில் பிடித்தபடியே தந்திகளை மீட்டுவார். கைப்பிடி அசைய அசையச் சுருதியும் ஏறி இறங்கும். குழுவின் பாடகி பிலிண்டா புட்சரைப் பல நாள் விடிகாலையில் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பாட வைத்தார்கள். அந்தத் தூக்கக் கலக்கம் குரலிலேயே இருக்கிறது. அவர் குரலும் ஷீல்ட்ஸின் குரலும் ஒன்றோடொன்று கரைந்து கிட்டாருக்கு அடியில் கிடக்கின்றன. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்றீர்களே, மிகச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள்! இரண்டு வருஷத்துக்கும் மேல் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்து, 1991-இல் அவர்கள் கொண்டுவந்த ஒலி அதுதான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் பிடிக்காமல் போகலாம். எனக்கே, அதே 1991-இல் வந்த ஸ்லின்ட் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’தான் இன்னும் நெருக்கம். நாலு நாளில் பதிவு செய்த ஆறு பாட்டுகள். முக்கால்வாசி நேரம் பாட்டே கிடையாது, முணுமுணுப்பு. முதலில் எனக்கும் அது எரிச்சலாகத்தான் இருந்தது. கடைசிப் பாட்டின் முடிவில் அந்த முணுமுணுப்பு அலறலாக வெடிக்கும் இடத்தை ஒரு ராத்திரி இருட்டில் கேட்டேன். அதுவரை பாடகர் ஏன் குரலை அடக்கி வைத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

மாறாக, நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் 1998 ஆல்பம் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அதன் பாடகர் ஜெஃப் மாங்கம் உச்சத்தில் குரலை நீட்டும்போதெல்லாம் நான் வெளியே தள்ளப்படுகிறேன். ஆல்பத்தில் வரும் ஊதுகுழல் வாத்தியங்கள் மட்டும் பிடிக்கும். பலர் உயிராக நினைக்கும் ஆல்பம், தெரியும். இருந்தாலும் என் காதைத்தானே நான் நம்ப முடியும்.

நீங்களும் இன்னொரு முறை கேட்டுவிட்டு, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அலுத்தது என்று எழுதுங்கள். ஒரு சொல் வெட்டாமல் வெளியிடுகிறேன். நண்பரிடமும் கேளுங்கள், அவருக்கு எந்த இடம் பிடித்தது என்று.